நடு சிலிண்டர்

செப்டம்பர் 2, செவ்வாய்

இந்நேரத்துக்கு எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பன்னிரண்டே கால். பாப்பா தூங்கிய பிறகுதான் என் கை எனக்குக் கிடைக்கிறது. அவள் மூச்சுச் சத்தம் கேட்கிற தூரத்தில், கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நோட்டு என் பி.எஸ்சி. ரெக்கார்டு நோட்டு. ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வெள்ளை. பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது.

இதை உங்களுக்கு அனுப்பப்போவதில்லை. உங்களிடம் சொல்லாததை எங்காவது சொல்லியாக வேண்டும், அதற்குத்தான்.

பாப்பாவுக்கு வலிப்பு வருகிறது. முதல் தடவை ஜூன் பதினொன்றாம் தேதி. காய்ச்சலும் இருந்தது, அதனால்தான் என்றார்கள். ஜூலையில் காய்ச்சல் இல்லாமலே வந்தது. இரண்டு தடவையும் உடனே வண்டி கிடைக்கவில்லை. ஜூனில் ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் பிரசவத்துக்குப் போயிருந்தது, பால்வேன்காரர் ஏற்றிக்கொண்டு போனார். ஜூலையில் ஜீப் வர ஐம்பது நிமிடம். வத்தலக்குண்டு டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு ஒன்று சொன்னார்: "அஞ்சு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா யோசிக்காதீங்கம்மா, உடனே தூக்கிட்டு வந்துருங்க." நம் ஊரிலிருந்து கீழே முப்பத்து நான்கு கிலோமீட்டர். பதினேழு கொண்டை ஊசி. எதில் தூக்கிக்கொண்டு வருவது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீங்கள் வெள்ளிக்கிழமை தோறும் கத்தாரிலிருந்து கூப்பிட்டு "குறிஞ்சி என்ன செய்றா?" என்று கேட்கும்போதெல்லாம் நான் "நல்லா இருக்கா" என்றுதான் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு வெள்ளிக்கிழமை.

கொட்டகையில் நீங்கள் நம் காரிலிருந்து கழற்றி வைத்துவிட்டுப் போன இஞ்சினை எடுத்துப் பார்க்கச் சொல்லி இன்று லூர்து அண்ணனிடம் கேட்டேன். சரி என்றார்.

செப்டம்பர் 3, புதன்

லூர்து அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். ஜீப் ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டு வந்தாராம். தார்ப்பாயை உருவியதும் ஒரு எலிக் குடும்பமே ஓடியது. பாப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

"வாடகை குடுக்காம நாலு வருசம் இருந்திருக்காய்ங்க" என்றார். பிறகு இஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தார். "உன் வீட்டுக்காரர் நல்லாத்தான் வச்சிருக்காரு தங்கச்சி. கட்டைக்கு மேல ஏத்தி, கார்புரேட்டரைக் கழட்டி, வாயையெல்லாம் கவர் போட்டுக் கட்டி... இதுக்குக் குடுத்த அக்கறையை என் பொண்டாட்டி எனக்குக் குடுத்ததில்ல."

பெருமையாக இருந்தது. உங்கள் வேலைதானே.

மூன்று ஸ்பார்க் பிளக்கில் ஓரத்து இரண்டும் கழன்றுவிட்டன. நடுவில் இருப்பது மட்டும் அசையவில்லை. கழன்ற ஓட்டைகளில் ஆயிலையும் டீசலையும் கலந்து ஊற்றினார். நடுவில் இருப்பதன் கழுத்தைச் சுற்றியும் ஊற்றினார். "ஊறட்டும். ஞாயித்துக்கிழமை கையால சுத்திப் பாப்போம். அதுவரைக்கும் யாரும் சாவி, பேட்டரின்னு ஆசைப்படாதீங்க. நாலு வருசம் தூங்குனவனைத் தலையில தண்ணி ஊத்தியா எழுப்புறது?"

பக்கத்து வீட்டிலிருந்து பரிபூரணம் மதினி தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். திரும்பிப் போய் மிஷினை மிதித்த வேகத்தில் அவர் கோபம் தெரிந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

கூப்பிட்டீர்கள். நல்லா இருக்கா என்றேன்.

பின்னாடி என்ன சத்தம் என்று கேட்டீர்கள். மதினி பாத்திரம் விளக்குகிறார் என்றேன். நான் மூன்று பிளக்குகளில் இரண்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

முன்பக்கத்து நட்டில் ஸ்பானரைப் போட்டு லூர்து அண்ணன் மெதுவாகச் சுற்றினார். கால் சுற்று வந்தது. நின்றுவிட்டது. திருப்பிச் சுற்றினார். கால் சுற்று வந்து மறுபடி நின்றது. நான் கையில் பாப்பாவின் பால் டம்ளரோடு நின்றிருந்தேன். குடிக்கக் கொடுக்கவே மறந்துவிட்டேன்.

"துருவா அண்ணே?"

"துருன்னா கல்லு மாதிரி நிக்கணும். இது மெத்துன்னு நிக்குது." என் கையில் ஸ்பானரைக் கொடுத்தார். "நீயே சுத்திப் பாரு. அமுக்காத, தொட்டுப் பாரு."

சுற்றினேன். உண்மைதான். சுவரில் போய் முட்டுவது மாதிரி இல்லை. தலையணையில் முட்டுவது மாதிரி இருந்தது. கையை எடுத்ததும் ஸ்பானர் கொஞ்சம் பின்னால் வந்தது, யாரோ உள்ளேயிருந்து தள்ளிவிட்டது போல.

நடு பிளக் இன்றும் கழலவில்லை. இன்னும் ஊற்றிவைத்திருக்கிறோம்.

செப்டம்பர் 8, திங்கள்

மருந்து காலை 8, இரவு 8. இரண்டும் கொடுத்தாயிற்று.

செப்டம்பர் 10, புதன்

பெட்ரோல் டேங்கைக் காலி செய்தேன். உள்ளே இருந்தது பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய வார்னிஷ் வாசனை. மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று தடவை குலுக்கிக் கொட்டினேன். கார்புரேட்டரைப் பழைய பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். சின்ன ஓட்டைகளுக்கு மதினியின் தையல் ஊசி. அதைக் கேட்கப் போனதில்தான் சண்டை வந்தது.

"எதுக்குடி ஊசி?"

"கார்புரேட்டருக்கு மதினி."

"அந்தச் சனியனுக்கு என் ஊசியைக் குடுக்கணுமா? ஒரு மனுசன் காலை வாங்குன வண்டி அது. சின்னக்காளை இன்னைக்கும் ரெண்டு கட்டையை ஊனிக்கிட்டுத்தான் ரேசன் கடைக்கு வாரான். என் தம்பி அதைப் பாக்க முடியாமத்தான் கடல் தாண்டி ஓடுனான். ஓட்டுனவனே வேணாம்னு கழட்டிப் போட்டுட்டுப் போனதை, நீ என்ன பூ வச்சுப் பொட்டு வச்சுக் கிளப்புற?"

"பாப்பாவுக்காகத்தான் மதினி."

"பாப்பாவுக்கு ஜீப்பு இருக்கு."

"ஐம்பது நிமிஷம் ஆச்சு மதினி."

ஊசியைக் கொடுத்தார். மொண்ணை ஊசி. அதுவே போதுமாக இருந்தது.

"ஓட்டுனவனே" என்று மதினி சொல்லும்போது நான் தரையைப் பார்த்தேன். எப்போதும் அப்படித்தான் பார்ப்பேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

நடு பிளக் கழன்றுவிட்டது. கழன்றபோது எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. லூர்து அண்ணன் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் டார்ச்சைக் கொடுக்காமல் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, ஒரு சைக்கிள் ஸ்போக் இருக்கா?"

மதினி வீட்டுப் பழைய சைக்கிளில் ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்தேன். நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டுத் துழாவினார். முதலில் நூல் வந்தது. பிறகு துணி. ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்த நீளத் துண்டு, கறுப்பாக, எண்ணெய் சொட்டச் சொட்ட. அதற்குப் பின்னால் இன்னொன்று. பாப்பா "பாம்பு, பாம்பு" என்று கத்தினாள். அவளை உள்ளே அனுப்பினேன்.

ஏழு துண்டு வந்தது. தரையில் வரிசையாகப் போட்டோம். டீசலில் ஒன்றை அலசிப் பார்த்தேன். நீலக் கட்டம். உங்கள் லுங்கி.

"துருப்பிடிக்காம இருக்க வச்சிருப்பார் அண்ணே" என்றேன்.

"துருப்பிடிக்காம இருக்க ஆயில ஊத்துவாங்க தங்கச்சி. துணியைத் திணிச்சா அது ஈரத்தை இழுத்து வச்சுக்கும்."

"அவரும் மெக்கானிக்தானே. அவருக்குத் தெரியாதா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

நான் டீசல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். நல்ல புடவை. பரவாயில்லை.

அவர் மறுபடி ஸ்பானரைப் போட்டார். இப்போது முழுச் சுற்றும் வந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்துச் சுற்று. எங்கும் நிற்கவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் அவர் ஏழாவது துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மற்ற ஆறும் முழங்கை நீளம். இது பாதிதான். நுனி பிய்ந்திருந்தது.

"இது வச்சப்பவே கட்டையா, இல்ல இழுக்கயில பிஞ்சதா? மீதி உள்ள கிடக்கா? வேற துண்டு எதுவும் கிடக்கா? ஸ்போக்ல ஒண்ணும் மாட்டல. ஆனா ஓரத்துல ஒண்டிக்கிட்டு இருந்தா மாட்டாது. ஸ்டார்ட் பண்ணதும் அது வால்வுல போய்ச் சிக்குச்சுன்னா வால்வு வளைஞ்சுரும். மலைப்பாதையில, பிள்ளைய வச்சுக்கிட்டுப் போகையில நின்னுச்சுன்னா..."

"இஞ்சின் தலையைத் திறந்து பாக்க முடியாதா?"

"முடியும். திறந்தா புது கேஸ்கட் போடணும், மதுரையிலிருந்து வரணும். ஆயுத பூஜைக்கு மலையில இருக்கிற அத்தனை ஜீப்பும் என் வாசல்ல வந்து நிக்கும். அப்புறம் மழை. தீவாளி தாண்டிரும் தங்கச்சி." துண்டை மற்றதோடு போட்டார். "எத்தனை வச்சாருன்னு தெரிஞ்சா இன்னைக்கே முடிஞ்சுச்சு. ஏழுதான், அதுல ஒண்ணு கட்டைன்னா கவலையே இல்ல. ஒரு போனைப் போட்டுக் கேளு."

கேட்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 17, புதன்

நான்கு நிமிடம் இருபது நொடி. மதியம் 2.10. தானாக நின்றது.

செப்டம்பர் 17, இரவு

மேலே எழுதியதற்கு மேல் எழுத முடியவில்லை. இப்போது கொஞ்சம் முடிகிறது.

சாதம் பிசைந்து வைத்திருந்தேன். ஒரு வாய் வாங்கினாள். அடுத்த வாய்க்கு வாயைத் திறக்கவில்லை, கண் மேலே போனது. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், வாயிலிருந்த சாதத்தை விரலால் எடுத்தேன், டாக்டர் சொன்னபடி எல்லாம் செய்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் மதினி ஜீப்புக்குப் போன் போட்டார். ஜீப் கீழே பண்ணைக்காட்டில் நின்றது. நான்காவது நிமிடத்தில் நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன், எங்கே போவதற்கென்று தெரியாமல். வாசலில் நிற்கும்போதுதான் வலிப்பு நின்றது.

கொட்டகையில் இஞ்சின் இல்லாத கார் நின்றது. அதற்கு எதிரில் கார் இல்லாத இஞ்சின்.

செப்டம்பர் 19, வெள்ளி

கூப்பிட்டீர்கள். இன்று கேட்டுவிடலாம் என்று பேப்பரில் எழுதிவைத்திருந்தேன்: "என்னங்க, இஞ்சினுக்குள்ள எத்தனை துண்டு வச்சீங்க?" ஒரு வரிதான்.

"சாரு, குரல் ஒரு மாதிரி இருக்கே?"

"சளிங்க."

"பாப்பா?"

"தூங்குறா."

"இந்நேரத்துலயா?"

"விளையாடிக் களைச்சுப்போய்ட்டா."

"வீடியோல காட்டேன்."

காட்டினேன். மருந்து மயக்கத்தில் தூங்குகிற பிள்ளையை நீங்கள் ஐந்து நிமிடம் சிரித்துக்கொண்டே பார்த்தீர்கள். உங்கள் பின்னால் கட்டிலில் நான்கு பேர் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகு பதினோரு நாள் நீங்கள் யாரோடும் பேசாமல் இருந்தது ஞாபகம் வந்தது. பேப்பரை மடித்துவிட்டேன்.

பிறகு வாட்ஸ்ஆப்பில் அடித்தேன். "நடு சிலிண்டரில் எத்தனை" என்பது வரை. அழித்துவிட்டேன். துண்டைப் பற்றிக் கேட்டால் இஞ்சினை ஏன் தொட்டாய் என்பீர்கள். இஞ்சினைச் சொன்னால் வலிப்பைச் சொல்ல வேண்டும். வலிப்பைச் சொன்னால் வண்டியை யார் ஓட்டுவது என்று கேட்பீர்கள்.

செப்டம்பர் 22, திங்கள்

மதினிக்கு ஞாபகம் இருக்குமா என்று பார்க்கப் போனேன். அந்த லுங்கியைக் கிழித்துக் கொடுத்தது அவராகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு யோசனை. அகலம் அவ்வளவு சீராக இருந்தது.

"ஆமா, கிழிச்சேன். இஞ்சின் துடைக்கணும்னு கேட்டான். எட்டு இருக்கும், பத்து இருக்கும், யாரு எண்ணுனது? துடைச்சது போக மிச்சத்தைத்தானே உள்ள திணிச்சிருப்பான்." மிஷினில் ஒரு ஜாக்கெட் கை ஓடிக்கொண்டிருந்தது. "நான் சொல்றதைக் கேளு. அவன் காரணத்தோடதான் அடைச்சிருக்கான். தன் கையால ஒரு குடும்பத்தை அழவச்சுட்டோமேன்னு அடைச்சிருக்கான். இனி யாரும் அதை ஓட்டக் கூடாதுன்னு. அதைப் போயி நோண்டுறியே, உனக்கு அவன் மேல இரக்கமே இல்லையா?"

நான் சொல்லிவிட்டேன்.

"ஓட்டுனது நான்தான் மதினி."

மிஷின் நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். சாயங்காலம் ஐந்து மணி, ஒன்பதாவது கொண்டை ஊசி, பனி இறங்கிவிட்டிருந்தது. நீங்கள் ஹாரன் அடி ஹாரன் அடி என்றீர்கள், நான் அடித்தேன், டார்ச் வெளிச்சம் மாதிரி ஏதோ தெரிந்தது, அது சின்னக்காளை அண்ணனின் கையிலிருந்த எவர்சில்வர் தூக்கு. எனக்கு அப்போது நான்கு மாதம். நீங்கள் இறங்கி ஓடி அவரைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டீர்கள். பிறகு என் பக்கத்துக் கதவைத் திறந்து, "அந்தப் பக்கம் போய் உக்காரு, யார் கேட்டாலும் நான்தான்" என்றீர்கள். நான் போய் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் போய் உட்கார்ந்தேன். போலீஸிலும் கோர்ட்டிலும் நீங்கள்தான் நின்றீர்கள்.

மதினி என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கத்திரிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்டயுமா பொய் சொன்னான்?" என்றார். "கூடப் பிறந்தவ எங்கிட்டயுமா?"

அழுதார். எனக்காகவா, சின்னக்காளை அண்ணனுக்காகவா, உங்களுக்காகவா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார்: "அப்போ இப்ப நீ ஓட்டிருவியா?"

"தெரியல மதினி."

"தெரியலைன்னா என்னடி அர்த்தம்? அன்னைக்கு வாசல்ல புள்ளையத் தூக்கிக்கிட்டு நின்னியே, அப்ப வண்டி இருந்தா ஓட்டியிருப்பியா, மாட்டியா?"

"ஓட்டியிருப்பேன்."

"அப்புறம் என்ன தெரியல."

ஜாக்கெட்டை எடுத்து மறுபடி தைக்க ஆரம்பித்தார். நான் எழுந்து வரும்போது, திரும்பாமலே சொன்னார்: "சின்னக்காளைகிட்ட எப்பச் சொல்லப்போற?"



செப்டம்பர் 23, செவ்வாய்

ரிப்பேருக்கு வந்திருந்த ஜீப் ஒன்றை லூர்து அண்ணன் அரை மணி நேரத்துக்குக் கொடுத்தார். மதினி பக்கத்தில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஓட்டினேன். இரண்டு தடவை நின்றுபோனது. மூன்றாவது தடவை ஓடியது. "மாட்டு வண்டியே இதைவிட வேகமாப் போகும்" என்றார் மதினி. இறங்கும்போது அவர் கை என் தோளில் இருந்தது. எப்போது வைத்தார் என்று தெரியாது.

செப்டம்பர் 25, வியாழன்

இந்த நோட்டு உங்களுக்கு இல்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன். இப்போது ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பப்போகிறேன். வரிசையாகப் படியுங்கள். நடுவில் நிறுத்திவிட்டுப் போன் செய்யாதீர்கள், என்னால் பேச முடியாது. முடிந்திருந்தால் இதையெல்லாம் எழுதியிருக்க மாட்டேன்.

ஆயில் மாற்றியாயிற்று. பிளக் மூன்றும் சுத்தமாக இருக்கின்றன. டேங்க் காய்ந்துவிட்டது. பெல்ட், பிரேக் டியூப், டயர் எல்லாம் லூர்து அண்ணன் பார்த்துவிட்டார். பேட்டரி அவர் கடையில் சார்ஜில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் செயின் கப்பியோடு வருகிறார். அன்று இஞ்சினைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டால், மழைக்கு முன்னால் வண்டி இருக்கும். இல்லையென்றால் தலையைத் திறப்பார், தீபாவளிக்குப் பிறகுதான். அதுவரை நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும்.

நீங்கள் அடைத்தது சின்னக்காளை அண்ணனுக்காக இல்லை, உங்களுக்காகவும் இல்லை. நான் மறுபடி அந்த சீட்டில் உட்காரக் கூடாது, உட்கார்ந்து ஒருநாள் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது என்றுதான். அது எனக்கு ஏழு துண்டையும் தரையில் பார்த்தபோதே புரிந்துவிட்டது. லூர்து அண்ணனிடம்தான் துருப்பிடிக்காமல் இருக்க என்று சொல்லி வைத்தேன். உங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் இப்போது நான் உட்கார்ந்தாக வேண்டும்.

வேலையை விட்டுவிட்டு ஓடிவராதீர்கள். பாப்பா இன்று மூன்று இட்லி சாப்பிட்டாள். எலிக்குப் பெயர் வைத்திருக்கிறாள்.

ஏன் வைத்தீர்கள் என்று கேட்கவில்லை. நடு சிலிண்டருக்குள் மொத்தம் எத்தனை துண்டு வைத்தீர்கள், அதில் ஒன்று கட்டையானதா, அதை மட்டும் சொல்லுங்கள். ஞாபகம் இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள், அதுவும் பதில்தான். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எனக்குத் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

சாருமதி